ஆமையும் அடைக்கலமும்

20-ஆம் தீர்த்தங்கரர் முனிசுவிரதரின் இலாஞ்சனம் ஆமை. அவ்வுயிரை இன்று சில இல்லங்களில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கின்றனர். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைகளில் விற்கப்படும் சிவப்புக்காது ஆமையோ அமெரிக்க நாட்டது. 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. நீந்தத் தூய நீரும், ஏறி உலர மேடும், கண்ணாடி தடுக்காத இளவெயிலும் அதற்கு வேண்டும்; வெயிலின்றேல் ஓடு மென்மையுறும்.

குடும்பம் யாத்திரை செல்லும்போதுதான் சோதனை. ஒரு வார உணவை மொத்தமாகக் கொட்டிச் செல்வது கருணையன்று. அது அழுகி நீரைக் கெடுக்கும். வளர்ந்த ஆமை ஓரிரு நாள் உணவின்றித் தாங்கும். நீண்ட பயணமெனில், உணவை நாள்வாரியாகப் பொட்டலமிட்டு, நீர் மாற்றும் முறையையும் காட்டி, அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுமாறும் கூறுதல் வேண்டும்.

கொல்லாமை விரதத்திற்குக் கூறப்பட்ட ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தலும் ஊண்நீர் மறுத்தலும் அடங்கும். ஆதலின் வாங்காமையே தலைசிறந்தது. வாங்கிவிட்டோர், சலிப்புற்று ஏரியில் விட்டால், அது அங்குள்ள நாட்டு ஆமைகளுக்கு இடராகும். அடைக்கலம் புகுந்த உயிரை இறுதிவரை காப்பதே இல்லறத்தார் கடன்.