வேளாங்கண்ணி ஆற்றுப்படை



'ஆறு' என்னும் சொல் நீர் ஓடும் ஆற்றைக் குறிக்கும். மக்கள் நடக்கும் வழியைக் குறிக்கும். வாழ்வின் நெறியையும் குறிக்கும். ஒரு சொல்லுக்குள் இம்மூன்றையும் அடக்கிய மொழியில் 'ஆற்றுப்படை' என்னும் இலக்கிய வகை தோன்றியதில் வியப்பில்லை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனைக் கண்டு, தான் சென்று வந்த வழியைக் கூறி அவனையும் வள்ளலிடம் செலுத்துவதே ஆற்றுப்படையின் அமைப்பு. நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்வது என்பதே அதன் உயிர். கால்நடையாகத் திருத்தலம் நாடும் கிறித்தவ யாத்திரிகர்களின் வழிகளும், அவ்வழிகளுக்குத் தமிழ்க் கவிதை செய்ய வேண்டிய கடனும் இவ்வுரையின் பொருள்.

கிறித்தவ உலகின் நடைவழிகளுள் பெரும்புகழ் வாய்ந்தது, ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள சாந்தியாகோ நகருக்குச் செல்லும் வழி. இயேசுபிரானின் பன்னிரு சீடருள் ஒருவரான யாக்கோபின் கல்லறை அங்கே உள்ளது என்னும் நம்பிக்கை ஒன்பதாம் நூற்றாண்டு முதல் நிலவி வருகிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அவரைச் சந்தியாகப்பர் என வழங்குவர். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தை அடுத்து அவர் பெயரில் ஒரு கோயிலும் உண்டு. எனவே சாந்தியாகோ என்னும் பெயர் தமிழ்க் கடற்கரைக்கு முற்றிலும் அயலானது அன்று. பிரான்சு நாட்டு எல்லையிலிருந்து பிரனீசு மலையைக் கடந்து செல்லும் வழி மட்டும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளமுடையது. அதை நடந்து முடிக்க ஒரு திங்களுக்கு மேல் ஆகும்.

இவ்வழியைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுந்தது. சந்தியாகப்பரின் பெருமை கூறும் பெருந்தொகுப்பின் ஐந்தாம் பகுதியாக அமைந்த அந்நூலை ஐரோப்பாவின் தொன்மையான வழிகாட்டி நூல்களுள் ஒன்றாகக் கருதுவர். பிரான்சிலிருந்து புறப்படும் நான்கு வழிகள் ஸ்பெயினில் ஒரு பாலத்தருகே ஒன்றுசேர்வதை அது கூறுகிறது. எந்த ஆற்றின் நீரைக் குடிக்கலாம், எதைக் குடித்தால் குதிரை மடியும் என எச்சரிக்கிறது. எந்நாட்டு மக்கள் விருந்தோம்புவர், எவரிடம் விழிப்பாக இருக்க வேண்டும் என விளக்குகிறது. யாத்திரிகரை அடித்துச் சுங்கம் பறிப்போரைக் கடுஞ்சொல்லால் சாடுகிறது.

தமிழ் பயின்றோர்க்கு இச்செய்திகளைக் கேட்டவுடன் பத்துப்பாட்டு நினைவுக்கு வரும். பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் சுங்கப் பெருவழியையும் அதனை வில்லேந்திக் காக்கும் வீரரையும் காட்டுகிறது. எயினர் குடியில் எது உணவு, ஆயர் குடியிலும் உழவர் குடியிலும் எது கிடைக்கும், வலைஞர் எதைப் படைப்பர் என ஊர் ஊராகச் சொல்லிச் செல்கிறது. மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறியையும் வழுக்கும் பாறையையும் தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட வீசும் கவண்கல்லையும் சுட்டிக் கூத்தரை எச்சரிக்கிறது. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை, மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் மாங்காட்டு மறையவன் வாயிலாக விரித்துரைக்கிறது. நாடுகாண் காதையில் கவுந்தியடிகள், வயல்வழி நடந்தால் காலடியில் சிற்றுயிர்கள் மடியும் என அறிவுறுத்துகிறார். இலத்தீன் நூல் யாத்திரிகனின் உயிரைக் காக்க எச்சரிக்கும் இடத்தில், சமண சமயத் துறவியோ யாத்திரிகனின் காலடியில் உள்ள உயிரையும் காக்க எச்சரிக்கிறார். இவ்வேறுபாடு நுணுகி நோக்கத்தக்கது.

சாந்தியாகோ வழியில் நடப்போர் தொகை இடைக்காலத்துக்குப் பின் அருகியது. அதனை மீட்டவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் எலியாஸ் வாலிஞா என்னும் மலையூர்ப் பங்குத்தந்தை. அவர் 1980களில் பாறையிலும் மரத்திலும் மதிலிலும் மஞ்சள் வண்ணத்தால் அம்புக்குறி தீட்டி வழியைப் புலப்படுத்தினார். ஐரோப்பிய மன்றம் 1987இல் அதனை முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஸ்பெயின் நாட்டுப் பகுதியைச் சேர்த்தது. இறுதி 100 கிலோமீட்டரையேனும் நடந்தவர்க்குத் திருத்தலத்தில் சான்றிதழ் தரப்படுகிறது. 2024இல் அதனைப் பெற்றோர் ஐந்து லட்சத்தை ஒட்டியவர். இவர்களுள் பலர் சுற்றுலா நிறுவனங்களின் ஏற்பாட்டில் நடப்பவர். மூட்டையை ஊர்தி முன்னே கொண்டு செல்லும். இரவில் தங்க அறை காத்திருக்கும். உடன் ஒரு வழிகாட்டி நடப்பார். கால் தளர்ந்தால் ஏறிக்கொள்ள வண்டி வரும். திருவழி அங்கே விடுமுறைப் பயணமாகவும் ஆகிவிட்டது.

இதனை எள்ளுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. நடப்பவரின் சுமையைக் குறைப்பதைத் தமிழ்நாடு என்றும் அறமாகவே போற்றி வந்துள்ளது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழி நெடுகச் சத்திரங்கள் எழுப்பினர். சுமைதாங்கிக் கல்லும் தண்ணீர்ப் பந்தலும் இல்லாத பழைய பெருவழி இல்லை. கிறித்தவ யாத்திரிகர்க்காக எழுந்த அறப்பணியும் இந்நாட்டில் உண்டு. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர், சென்னையில் புனித தோமையார் மலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடப்பதற்காக 1726இல் ஒரு பாலம் கட்டினார். மலையேறுவோர்க்குக் கல்படிகளும் அமைத்தார். அப்பாலம் இருந்த இடத்தில் 1960களில் எழுந்த புதிய பாலம் இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆர்மீனியர் கட்டிய யாத்திரைப் பாலத்தின் இடத்தில் தனித்தமிழ்த் தந்தையின் பெயர் அமைந்தது வரலாறு தானே செய்த இணைப்பு.

அதே 1726ஆம் ஆண்டோடு இணைத்துச் சொல்லப்படும் பெருநூல் வீரமாமுனிவரின் தேம்பாவணி. புனித சூசையப்பரை வளன் எனப் பெயரிட்டுப் பாடிய அக்காப்பியத்தில், குழந்தை இயேசுவோடு எகிப்துக்குச் செல்லும் வழிநடை விரிவாக இடம்பெறுகிறது. இத்தாலியில் பிறந்த முனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் கோயில் எடுத்தார்; அவ்வூர்களைத் திருக்காவலூர், ஆரியனூர் என்னும் பெயர்களால் பாடவும் செய்தார். பின்வந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பன்யன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட யாத்திரிகன் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் இயற்றினார். அது 1894இல் நூலாக வந்தது. ஆன்மாவின் பயணத்தைக் காட்டும் காப்பியம் கிறித்தவத் தமிழுக்கு வாய்த்துவிட்டது. வெயிலில் கால் கொப்புளித்து நடக்கும் உடலின் பயணமோ காப்பியத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

அவ்வுடலின் பயணத்தைக் காண வேண்டின் வேளாங்கண்ணிச் சாலைக்குச் செல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலோரம் அமைந்த ஊர் அது. பால் கொண்டு சென்ற சிறுவனுக்கும், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கும், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகளுக்கும் அன்னை அருளியதாக மூன்று கதைகளை அத்தலத்து மரபு கூறும். 1962இல் அக்கோயில் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறி, செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவோடு நிறைவுறும். அந்நாள்களை நோக்கித் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்து காவி உடுத்த மக்கள் அன்னையின் உருவம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு நடக்கின்றனர். அவர்களுள் கிறித்தவர் அல்லாதோரும் உளர்.

சென்னையிலிருந்து நடப்பவர் கடற்கரைச் சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அவ்வழியின் ஊர்களை எண்ணினால் தமிழ் இலக்கிய வரலாறே விரிகிறது. மாமல்லபுரம், பாரதியார் பத்தாண்டு வாழ்ந்த புதுவை, தில்லை, சம்பந்தர் பிறந்த சீர்காழி, அப்பால் கிழக்கே கோவலனும் கண்ணகியும் புறப்பட்ட பூம்புகார், 1706இல் சீகன்பால்கு வந்திறங்கித் தமிழ் அச்சுக்குத் தொண்டாற்றிய தரங்கம்பாடி, காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து கயிலை சேர்ந்ததாகப் பெரியபுராணம் போற்றும் அம்மையாரின் காரைக்கால், தர்கா விளங்கும் நாகூர், அடுத்து நாகை, முடிவில் வேளாங்கண்ணி. ஒரு சமயத்தின் தலத்துக்குச் செல்பவர் எல்லாச் சமயங்களின் வாயில்களையும் கடந்தே செல்கிறார். கொங்கு நாட்டிலிருந்து நடப்பவருக்கோ கரூர், திருச்சி, தஞ்சை, திருவாரூர் என வழி அமைகிறது. உறையூருக்கும் கடலுக்கும் இடையே கோவலன் காவிரிக் கரையில் மேற்கு நோக்கி நடந்தான். இவர்கள் அதே காவிரி நாட்டில் கிழக்கு நோக்கி நடக்கின்றனர்.

வீரபாண்டியில் அமர்ந்து இதனை எண்ணும்போது ஒரு செய்தி தனியே முன்னிற்கிறது. சாந்தியாகோ வழியில் ஊதியத்தோடு கூடிய விடுமுறை பெற்று நடப்பவர் பலர். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைப்பவருக்கு, கைமடி வேலை செய்யும் பெண்ணுக்கு, விடுமுறை என்பது கூலி இல்லாத நாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே இயந்திரத்தை நிறுத்தும். ஆகஸ்டு இறுதியில் நிறுத்தாது. அப்பருவத்தில் நேர்ந்துகொண்டு பத்து நாள் நடப்பவர் பத்து நாள் கூலியை உண்டியலுக்கு முன்பே வழியில் செலுத்திவிடுகிறார். நாளெல்லாம் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் உடல், வானத்தின் கீழ் நிமிர்ந்து நடக்கும் உரிமையைத் தன் கூலியைக் கொடுத்து வாங்குகிறது. தைப்பூசத்தை ஒட்டிப் பழநிக்கு நடக்கும் கொங்கு நாட்டு உழைப்பாளிக்கும் இது பொருந்தும். வேண்டுதல் எந்தத் தெய்வத்துக்கு என்பது வேறுபடலாம். இழக்கும் கூலி ஒன்றே. நடை ஒருவருக்கு ஓய்வாகவும் மற்றவருக்குக் காணிக்கையாகவும் அமையும் இவ்வேறுபாட்டை உணராமல் யாத்திரையைப் பற்றிப் பாடினால், அப்பாட்டு சுற்றுலா விளம்பரத்தின் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

கூலியோடு நிற்பதில்லை இழப்பு. இரவில் நெடுஞ்சாலையோரம் நடப்போர் மீது ஊர்தி மோதிய செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. சாந்தியாகோவுக்கு அம்புக்குறி தீட்டி வழி மீட்கப்பட்டது. இங்கோ சாலையின் வெள்ளைக் கோட்டுக்கும் புதருக்கும் இடைப்பட்ட ஓரடி மண்ணே யாத்திரிகரின் வழி. தனி நடைபாதை அமைப்பது அரசின் கடமை. அவ்வோரடி மண்ணில் நடப்பவர் யார் என்பதை நாடு அறியச் செய்வது கவிஞரின் கடமை.

அதற்குரிய வடிவம் தமிழில் ஆயத்தமாக உள்ளது. வழிநடைச் சிந்து என்னும் சிற்றிலக்கியம் உடன் நடக்கும் துணையை விளித்து, இது இன்ன ஊர், இது இன்ன சோலை, இது இன்ன சத்திரம் எனக் காட்டிக் களைப்பைப் போக்கும் பாட்டு. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது வழிநெடுகப் பாடுவதற்கு அண்ணாமலை ரெட்டியார் இயற்றியதே காவடிச் சிந்து என்பர். அதன் சந்தம் ஏட்டில் பிறந்ததன்று, காலடியில் பிறந்தது. ஒரு ஜமீன்தாரின் காவடிக்குச் சிந்து வாய்த்தது. கைமடிப் பெண்ணின் கால்நடைக்கு ஒரு சிந்து வாய்க்கலாகாதா?

புதிய ஆற்றுப்படைக்குப் பாடுபொருள் குறைவில்லை. தார்ச்சாலை எத்தனை மணிக்குக் காலைச் சுடத் தொடங்கும். எதிர்வரும் விளக்கு கண்ணில் படும்படி எப்பக்கம் நடக்க வேண்டும். எவ்வூரில் மோரும் நீரும் தருவர். எந்தப் பள்ளிக்கூடத் திண்ணையில் பெண்கள் அச்சமின்றி உறங்கலாம். கொப்புளத்துக்கு எது மருந்து. பெரும்பாணாற்றுப்படையின் சுங்க வழி இன்று சுங்கச்சாவடியாக நிற்கிறது. மிளகுக் கழுதைக்கு மாற்றாகப் பனியன் பெட்டி ஏற்றிய லாரி அங்கே காத்து நிற்கிறது. அதன் பக்கத்தில் கட்டணம் ஏதுமின்றிக் கடந்து செல்கிறது சிறு தேர். கவிஞர் கண்ணுக்கு இக்காட்சி ஒன்றே ஒரு பாட்டுக்குப் போதும்.

இவற்றை நூலகத்தில் அமர்ந்து எழுத இயலாது. ஆற்றுப்படுத்துபவன் சென்று வந்தவனாக இருத்தல் வேண்டும் என்பது தமிழ் வகுத்த விதி. எனவே இவ்வட்டத்துக் கவிஞர்கள், வேளாங்கண்ணிக்கோ பழநிக்கோ நடந்து மீண்டவர்களைத் தேடிச் சென்று கேட்டல் வேண்டும். இயன்றவர் ஒரு நாளேனும் உடன் நடத்தல் வேண்டும். நடந்தவர் சொல்லும் ஊர்ப்பெயர்களையும் உதவிய கைகளையும் முதலில் குறித்து வைத்தால் போதும். சந்தம் பின்னால் வந்து சேரும். பத்தாண்டுகளாகப் பாட்டரங்கமும் ஆய்வரங்கமும் நடத்திய வட்டம், பதினோராம் ஆண்டின் பணியாக இத்தொகுப்பைத் தொடங்குமாயின், அடுத்த ஆவணியில் சாலையில் இறங்கும் யாரோ ஒருவரின் கையில் வீரபாண்டியில் அச்சான ஒரு சிறுநூல் இருக்கும். அவர் அதனைப் பாடிக்கொண்டே நடக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க இவ்வட்டம்!