பேசவும் பயில வேண்டும்

(கன்னியாகுமரி மாவட்டக் கிராம சுகாதாரச் செவிலியரிடையே ஆற்றிய உரை)



நெய்யூரில் 1838ஆம் ஆண்டில் மேல்நாட்டு மருத்துவப் பணி தொடங்கிற்று. ஆசாரிபள்ளத்தில் 2001ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. மருத்துவ வசதியில் நமது மாவட்டம் பின்தங்கியதன்று. ஆயினும், கொடுக்கும் மருந்து பலிக்க வேண்டுமாயின், அதனுடன் நாம் சொல்லும் சொல்லும் நோயாளியின் உள்ளத்தில் பதிய வேண்டுமன்றோ?

ஓர் உதாரணம் கூறுவோம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். குளச்சல் கடற்கரையிலோ தோவாளை வயற்புறத்திலோ வாழும் ஒருவரிடம் இதனை விரைவாகச் சொல்லி முடிக்கிறோம். அவரும் "சரி" என்று தலையசைக்கிறார். இரண்டாம் மாதத்தில் இருமல் நிற்கிறது, வேலைக்குப் புறப்படுகிறார், மருந்தும் நின்றுவிடுகிறது. பின்னர் நோய் மீண்டும் தலைதூக்கலாம். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். அந்தச் "சரி" புரிந்ததற்கு அடையாளமன்று. படித்தவரிடம் திருப்பிக் கேட்கத் தயங்கும் மரியாதையே ஆகும்.

ஊசி போடுவதைப் பழகிக்கொண்ட பின்னரே நோயாளியிடம் செல்கிறோம். பேச்சையும் அவ்வாறு பழகலாகாதா? 1963ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர் இதற்கு வழி கண்டார். நோயற்ற பெண்மணி ஒருவருக்குக் கால் செயலிழந்த நோயாளியாக நடிக்கக் கற்பித்து, மாணவர்களை அவரிடம் அனுப்பினார். தொடக்கத்தில் சிலர் எள்ளினர். இன்றோ பல நாடுகள் அம்முறையைக் கைக்கொண்டுள்ளன. நமது நாட்டிலும் 2019 முதல் மருத்துவப் படிப்பில் நோயாளியிடம் உரையாடும் பயிற்சி கட்டாயப் பாடமாகியுள்ளது.

முறை எளியது. நடிப்பவருக்கு நோயின் வரலாறும், குடும்ப நிலையும், உள்ளத்தின் அச்சமும் முன்கூட்டியே கற்பிக்கப்படும். அன்பாகக் கேட்டாலன்றி அவர் வெளியிடாத செய்தி ஒன்றும் இருக்கும். உரையாடல் முடிந்ததும் அவர் வேடத்தைக் களைந்து, "நீங்கள் என் முகத்தைப் பாராமல் சீட்டையே பார்த்தீர்கள், அதனால் என் கடன் கவலையைச் சொல்லவில்லை" என்பார். இங்கே தவறினால் எவருக்கும் தீங்கில்லை; திருத்திக்கொண்டு மீண்டும் பேசலாம்.

நாஞ்சில் நாட்டில் நடிப்புக்கா பஞ்சம்? கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி இங்கேதான் உள்ளது. வில்லுப்பாட்டு வளர்ந்த மண் இது. நம் ஊர்ப் பெண்களையே நோயாளிகளாக நடிக்க அழைப்போம். "மேலுக்கு முடியவில்லை" என்று அவர்கள் தம் மொழியில் சொல்வார்கள். அது காய்ச்சலா, சோர்வா, மனத்துயரா என்று பொறுமையுடன் வினவப் பழகுவோம்.

இறுதியாக ஒன்று. "புரிந்ததா?" என்று கேட்பதை விடுவோம். "வீட்டில் கேட்டால் மருந்தைப் பற்றி என்ன சொல்வீர்கள், அம்மா?" என்று கேட்போம். அவர் சொல்லும் விடையில் நமது குறை தெரிந்துவிடும். வரும் மாதக் கூட்டத்திலேயே இப்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோமாக.