சொட்டும் எண்ணெயும் சுழலும் தண்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்கும் மேடையில் மோட்டார் என்ஜினைப் பற்றிப் பேச வந்த எம் துணிவைப் பொறுத்தருள வேண்டுகிறோம். யாம் பொறியியற் கல்லூரியில் பயின்றதில்லை; மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தோம். எனினும், எண்ணெய்க் கணக்கை எழுதும் கைக்கு ஒரு சொட்டின் விலை தெரியும்.

பழைய அம்பாஸடர் கார் நின்று அகன்ற இடத்தில் கரிய வட்டம் ஒன்றை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அஃது ஏன்?

என்ஜினுள் சுழலும் கிராங்க் ஷாப்டின் பின்முனை, உறையைக் கடந்து வெளிவந்து கிளச்சைச் சுழற்ற வேண்டும். தண்டுக்கு வழி வேண்டும். எண்ணெய்க்கு வழி கூடாது. இதுவே சிக்கல்.

அம்பாஸடர் நெடுங்காலம் சுமந்த 1489 சி.சி. ‘பி’ வரிசை என்ஜினில், தண்டின் மேல் திருகுமரை வெட்டியிருந்தனர். தண்டு சுழல, மரை எண்ணெயை உள்ளே திருப்பும். உரசல் இல்லை, ஆயின் சுழற்சி நின்றால் மரையின் பணியும் நிற்கும். பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றாலோ, எண்ணெய் கசிந்து கிளச் தட்டில் படியும், தட்டு வழுக்கும், மேட்டில் வண்டி திணறும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாட் கூலி.

வேறு சில என்ஜின்களில் கிராபைட் தோய்ந்த கயிற்றைச் சுற்றி அமைத்தனர். இறுக்கினால் உராய்வு, தளர்த்தினால் ஒழுக்கு.

1930-களில் ஜெர்மனியின் பிராய்டன்பர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்னும் பொறியாளர், சுருள்வில் தழுவிய உதட்டுச் சீலை உருவாக்கினார். முதலில் தோலாலும், பின்னர் செயற்கை ரப்பராலும் உதடு அமைந்தது. ‘பி’ வரிசையிலும், 1964-ல் எம்.ஜி.பி. காரின் என்ஜின் 3 பேரிங்கிலிருந்து 5 பேரிங்கிற்கு மாறியபோது, பின்முனையில் மரை நீங்கி உதட்டுச் சீல் இடம்பெற்றது.

இதன் நுட்பம் யாது? உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தானது; காற்றுப் பக்கச் சரிவு சாய்வானது. அதனால், உதட்டடியிற் புகும் எண்ணெய் மீண்டும் உள்ளேயே தள்ளப்படுகிறது. தண்டு நின்றபோதும் உதடு தழுவியே நிற்கிறது. மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இடையே இருக்க வேண்டும். அது வற்றினால் ரப்பர் கருகும். சீலைத் திருப்பி மாட்டினாலோ, எண்ணெயை அதுவே வெளியேற்றிவிடும்!

தாய்மார்களே! குக்கரின் ஆவிக்குழாய் அடைத்தால், புது கேஸ்கெட் போட்டும் பயனில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். என்ஜினுக்கும் அவ்வாறே ஒரு மூச்சுக்குழாய் உண்டு. பிஸ்டனைக் கடந்து கசியும் வாயு அவ்வழியே வெளியேற வேண்டும். அது அடைபட்டால் உள்ளழுத்தம் மிகுந்து, புதுச் சீலையும் மீறி எண்ணெய் ஒழுகும். சீலின் விலை சிறிது. அதை மாற்றக் கியர் பெட்டியை இறக்கும் கூலியோ பெரிது. ஆதலால், அக்கூலியைக் கொடுக்குமுன் மூச்சுக்குழாயைத் துலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களே! ஒழுக்கைக் கண்டால் மேலும் இறுக்குவதே நம் இயல்பு. எண்ணெயோடு மல்லுக்கு நில்லாமல், அது திரும்பிச் செல்ல வழி வகுத்தவரே வென்றனர். பட்டறையிற் புகும் நாளில் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.