மணி அடிக்கும் பசு எங்கே?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார் உளர். இசை பேசுவார் உளர். என்னையோ விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். அதுவும் மைதானத்தில் ஆடும் விளையாட்டன்று. வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து, இரு கட்டைவிரல்களால் ஆடும் வீடியோ விளையாட்டு. 'இது சிறுவர் பொருளாயிற்றே, பெரியோர் அவையில் எதற்கு?' என்று முன்வரிசையில் இருப்போர் சிலர் எண்ணக்கூடும். தம் பேரப்பிள்ளைகள் இந்நேரம் மண்டபத்தின் எந்த மூலையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள் என்று அவர்கள் சற்றே திரும்பிப் பார்ப்பார்களாயின் ஐயம் நீங்கிவிடும்.

இவ்விளையாட்டுகளுள் 'திறந்த உலகம்' என்று இளைஞர்கள் வழங்கும் வகை ஒன்றுண்டு. முன்னாளைய ஆட்டங்களில் ஆட்டக்காரன் செல்வதற்கு ஒரே பாதைதான் இருந்தது. இவற்றிலோ ஒரு நகரமே படைக்கப்பட்டுள்ளது. தெருக்கள், கடைகள், பாலங்கள், சிவப்பு விளக்குகள் எல்லாம் உண்டு. எங்கும் போகலாம், எப்போதும் போகலாம். அத்தெருக்களில் மக்களும் நடமாடுகிறார்கள். அவர்கள் ஆட்டக்காரனுக்குப் பகைவரும் அல்லர், நண்பரும் அல்லர். ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். ஒருவர் பேருந்துக்குக் காத்திருப்பார். கதைக்கும் அவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் ஆட்டக்காரன் அவசரப்பட்டுக் காரை ஓட்டினால் முதலில் அடிபடுபவர் அந்த வழிப்போக்கரே. அவரைப் பற்றித்தான் இன்று பேச விழைகின்றேன்.

தெருவில் வண்டி ஓட்டியவனைப் பற்றித் தமிழர்க்கு ஒரு பழங்கதை உண்டு. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் தேரூர்ந்து வருகிறான். கன்று ஒன்று துள்ளிக் குறுக்கே பாய்கிறது. தேர்க்காலில் சிக்கி மடிகிறது. அவன் வேண்டுமென்று செய்தான் அல்லன். தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து, அங்குக் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. பின்னர் நடந்தது நாம் அறிந்ததே. அம்மன்னனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்று வழக்குரைத்த கண்ணகியும் இக்கதையைத்தான் எடுத்துக்காட்டுகிறாள். மன்னன் அளித்த தண்டனை சரியா என்று பட்டிமன்றங்கள் நடந்திருக்கின்றன. என் கண் அதில் நிற்பதில்லை. அந்த மணியின் மீதே நிற்கிறது. அடிபட்ட உயிர்க்கு ஒரு தாய் இருந்தாள், அவள் வந்து கேட்டாள், கேட்பதற்கு ஒரு மணியும் இருந்தது.

புனே நகரத்தார்க்குத் திருவாரூர் வரை செல்லவேண்டிய தேவையும் இல்லை. 2024 மே 19 அன்று விடியற்பொழுதுக்கு முன், கல்யாணி நகரில் விரைந்து வந்த கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இரு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகச் சொல்லப்பட்டவன் பதினேழு வயதுச் சிறுவன். அன்றே பிணை வழங்கிய சிறார் நீதி வாரியம் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, விபத்தைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்பது. நாடே கொதித்தெழுந்தது, சில நாட்களில் அவ்வாணை திருத்தப்பட்டது. இதற்கும் வீடியோ ஆட்டங்களுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. முடிச்சுப் போடுவது எளிது, மெய்யாவதுதான் அரிது. வன்முறை ஆட்டங்களே வன்செயலுக்குக் காரணம் என்று கூறுவதற்குப் போதிய சான்று இல்லை என அமெரிக்க உளவியல் சங்கம் 2020 ஆம் ஆண்டில் தெளிவாகவே கூறியுள்ளது. சத்தம் போடுதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனங்களோடு மட்டும் ஓரளவு தொடர்பு காணப்படுகிறது என்பதையும் அச்சங்கம் சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஆகவே 'ஆட்டம் பிள்ளையைக் கொலைகாரன் ஆக்கிவிடும்' என்ற அச்சத்தை இம்மேடையிலேயே இறக்கி வைத்துவிடலாம். நான் கேட்பது வேறொரு வினா: அந்தத் தெருவோர மனிதரை ஆட்டம் மனிதராக வைத்திருக்கிறதா, தூணைப் போல, மரத்தைப் போல வைத்திருக்கிறதா?

இவ்வகை ஆட்டங்களில் பெயர் பெற்றது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'. அதன் முதல் ஆட்டம் 1997இல் வந்தது. ஐந்தாவது 2013இல் வந்தது. இதில் வழிப்போக்கரை இடித்தால் காவலர் துரத்துவர். குற்றம் பெருகப் பெருகத் திரையில் விண்மீன்கள் கூடும். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் அந்த விண்மீன்களைப் போக்கும் வழியையும் கேளுங்கள். சந்துகளில் ஒளிந்திருந்தால் போதும், சிறிது நேரத்தில் மறைந்துவிடும். முதல் ஆட்டம் முதற்கொண்டே இன்னொரு வழியும் உண்டு. காரை ஒரு கடைக்குள் ஓட்டிச் சென்று வேறு வண்ணம் பூசிக்கொண்டு வெளியே வந்தால் காவலர்க்கு அடையாளம் தெரியாது! சிவப்புக் காரைத் தேடியவர்கள் நீலக் காருக்கு வழிவிடுவர். இதை முதன்முதல் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் தோன்றியது இது: இங்கே ஆட்டக்காரன் கற்பது வழிப்போக்கரைக் காப்பதை அன்று, காவலர் கண்ணில் படாதிருப்பதை.

'அசாசின்ஸ் கிரீட்' 2007இல் வந்தது. சிலுவைப் போர்க் காலத்து எருசலேமிலும் தமாஸ்கசிலும் நடக்கும் கதை. ஆட்டக்காரன் தன் முன்னோன் ஒருவனின் நினைவுகளுக்குள் புகுந்து வாழ்கிறான் என்பது அதன் கற்பனை. குற்றமற்ற ஊர்மக்களை அவன் வெட்டினால், 'உன் முன்னோன் இப்படிச் செய்யவில்லை' என்ற பொருளில் அந்நினைவோடு அவனுக்குள்ள இசைவு குறையும். மீண்டும் மீண்டும் செய்தால் நினைவே அறுந்து, ஆட்டம் பின்னோக்கிச் சென்றுவிடும். தண்டிப்பவன் காவலன் அல்லன், முன்னோன். 'எங்கள் குலத்தில் இப்படி யாரும் செய்ததில்லை' என்று நம் பாட்டிமார் சொல்லும் சொல்லை ஒரு பிரெஞ்சு நிறுவனம் எந்திரத்துக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அதே வரிசையில் 2018இல் வந்த 'ஒடிசி' என்னும் ஆட்டத்தில் நாயகர் கூலிப்படை வீரர். அங்கே இந்தக் கட்டு இல்லை. கொன்றால் தலைக்கு விலை வைத்து வேட்டையாடுவோர் வருவர், அவ்வளவே.

2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்' ஆட்டத்திலோ வழிப்போக்கரைக் காயப்படுத்தவே முடியாது. தீயவனை மாடியிலிருந்து எறிந்தாலும் அவன் சுவரில் வலையோடு ஒட்டிக்கொள்வான், தரையில் விழமாட்டான். சிறுவர்க்கு இது ஏற்றதே. ஆயினும் தீங்கு செய்ய இயலாதவன் தீங்கு செய்யாதிருப்பதில் என்ன சிறப்பு இருக்கிறது? 2011இல் வந்த 'எல்.ஏ. நுவார்' நடுவழி சென்றது. நாயகன் துப்பறியும் காவலன். நினைத்த இடத்தில் துப்பாக்கியை உருவ முடியாது. ஆனால் காரை முரட்டுத்தனமாக ஓட்ட முடியும். வழக்கு முடிந்தபின் ஊருக்கும் மக்களுக்கும் அவன் விளைத்த சேதம் கணக்கெடுக்கப்பட்டு அவனுடைய மதிப்பீடு குறையும்.

கல்லூரியில் பயிலும் என் பேத்தி, கார் ஆட்டத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றுதான் செல்வாள். நிற்காவிட்டால் தண்டனை ஒன்றும் இல்லை. அவள் அண்ணன், 'ஆட்டத்திலும் லைசென்ஸ் வாங்கிவிட்டாயா?' என்று எள்ளி நகையாடுவான். ஒருநாள் நானே காரணம் கேட்டேன். 'இடிக்காமல் ஓட்டுவதுதான் தாத்தா கடினம். இடிப்பதற்கு என்ன திறமை வேண்டும்?' என்றாள். இவளைப் போன்றோர் உலகெங்கும் உளர் என்று பின்னர் அறிந்தேன். கொலைக்கு இடங்கொடுக்கும் ஆட்டத்தில் ஓர் உயிரையும் கொல்லாமல் கதையை முடிக்கமுடியுமா என்று மாதக்கணக்கில் முயல்வோரும் இருக்கிறார்கள். ஆட்டம் கேளாத விதியைத் தாமே வகுத்துக்கொள்கிறார்கள்.

போர் ஆட்டங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் பாதுகாப்புத் துறையில் தொண்டாற்றி ஓய்வு பெற்ற பெரியோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். போருக்கும் விதி உண்டு என்பது உங்களுக்கு யான் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளுள் நான்காவது, போரில் பொதுமக்களைக் காப்பதற்கென்றே அமைந்தது. 1977இல் சேர்க்கப்பட்ட நெறிமுறை, பொதுமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதலுக்குமுன், சூழ்நிலை இடந்தரும்போது, எச்சரிக்கை கொடுக்கவேண்டும் என்கிறது. இதைப் படித்த அளவில் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு நினைவுக்கு வராத தமிழர் இரார். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அவன் அம்பு விடுமுன் பசுக்களுக்கும் அந்தணர்க்கும் பெண்டிர்க்கும் பிணியாளர்க்கும் பிள்ளைப் பேறில்லாதார்க்கும் அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவித்த அறத்தைப் போற்றுகிறார். மதுரையை எரிக்கப் புகுந்த கண்ணகியும், முதியோர், குழந்தைகள், பசுக்கள் முதலானோரை விலக்கித் தீயோர் பக்கமே செல்லுமாறு தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகிறாள். உச்சகட்டச் சினத்திலும் ஒரு விலக்குப் பட்டியல்!

'ஆர்மா' என்னும் போர் ஆட்டத்தைச் செய்த செக் நாட்டு நிறுவனம் 2017இல் 'போர்ச் சட்டங்கள்' என்ற இணைப்பை வெளியிட்டது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவோடு கலந்து அதனை உருவாக்கினர். அதில் ஆட்டக்காரன் படைவீரன் அல்லன். போர் முடிந்த ஒரு சிற்றூரில் கண்ணிவெடிகளை அகற்றும் தொண்டன். அவ்வூர் எவ்வாறு பாழாயிற்று என்பதை இரு தரப்பினர் கண்கொண்டும் ஊராரின் கண்கொண்டும் திரும்பிப் பார்க்கிறான். முந்திய ஆட்டத்தில் அவனே குண்டெறிந்து கடந்திருக்கக்கூடிய ஊர் அது! 2023இல் அதே செஞ்சிலுவைக் குழு, சிறுவர் பெரிதும் ஆடும் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்திலும் போர் விதிகளின்படி ஆடும் ஒரு பகுதியை அமைத்தது. வீழ்ந்து கிடப்பவனைச் சுடலாகாது, மருந்து பகைவனுக்கும் உண்டு என்பன அங்கே விதிகள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். மேலே கூறியவற்றுள் சில, பதினெட்டு வயது நிரம்பியோர்க்கென்று ஐரோப்பாவில் அட்டையிலேயே அச்சிடப்படுபவை. நம் காலனியில் ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து 'இந்தச் சனியனை மூடு' என்று இரைவது முறையாகாது. வாங்குமுன் அட்டையைப் படியுங்கள். வாங்கியபின் அரைமணி நேரம் அருகில் அமருங்கள். 'இப்போது இடித்தாயே, அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார்?' என்று கேளுங்கள். அறிவுரை வேண்டா, அவ்வொரு கேள்வி போதும். பிள்ளை முதலில் சிரிப்பான். பிறகு, 'தெரியாது, அவர் ஒன்றுமில்லை' என்பான்.

அவன் சொல்வது எந்திரத்தைப் பொறுத்தவரை மெய்யே. இவ்வாட்டங்களில் ஆட்டக்காரனைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டும் தொலைவு வரையில்தான் மக்கள் படைக்கப்படுகிறார்கள். கணினியின் நினைவுக்கு எல்லை உண்டு ஆதலின், பின்னே விடப்பட்டவர்கள் அழிக்கப்பட்டுப் புதியவர்கள் முன்னே தோன்றுவர். ஒரு தெருவைச் சுற்றிவிட்டு வந்தால் அடிபட்டவரும் இல்லை, இரத்தக்கறையும் இல்லை. அவர்க்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, தேடி வருவார் இல்லை. மணியடிக்கப் பசு இல்லாத திருவாரூர் அது.

ஆயினும் சிலர் மணி கட்ட முயன்றிருக்கிறார்கள். 2018இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' இரண்டாம் ஆட்டத்தில், கொள்ளைக் கூட்டத்தைச் சேர்ந்த நாயகன் கடன் வசூலிக்கச் சென்று நோயாளியான ஓர் உழவனை அடிக்கிறான். அவ்வுழவன் இறந்துபோகிறான். பல மணி நேர ஆட்டத்திற்குப் பிறகு அவ்வுழவனின் மனைவியும் மகனும் சீரழிந்த நிலையில் எதிர்ப்படுகிறார்கள். உழவனின் காச நோயும் நாயகனைத் தொற்றி உள்ளிருந்து அரிக்கிறது. அங்கே மணி ஒலிக்கிறது. ஆனால் அது கதாசிரியர் முன்னரே எழுதி வைத்த மணி. 2020இல் வந்த 'வாட்ச் டாக்ஸ்: லீஜன்' இன்னும் ஓரடி சென்றது. லண்டன் தெருவில் நடக்கும் எவர்க்கும் ஒரு பெயர், ஒரு தொழில், சுற்றத்தார் என எந்திரமே புனைந்து கொடுக்கும். ஒருவரைத் தாக்கினால் அவருடைய உறவினர் அதை மனத்தில் வைத்துக்கொள்வர். பின்னர் உதவி கேட்டுச் சென்றால் முகம் திருப்பிக்கொள்வர். ஆட்டம் என்ற அளவில் அதனைக் குறை கூறினோர் உண்டு. எல்லாரும் நாயகர் ஆனதால் எவரும் நாயகர் ஆகவில்லை என்றனர், அதுவும் உண்மைதான். எனினும் எந்திரத்தின் உள்ளே, இடிபட்டவர்க்கு ஓர் அண்ணனோ தங்கையோ இருக்கிறாள் என்று கணக்கு வைத்துக்கொண்ட ஆட்டம் அது.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டார் செய்தவை என்று நாம் வாளா இருக்கவேண்டியதில்லை. அசாசின்ஸ் கிரீட் வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2008இலேயே புனேயில் தன் கூடத்தை அமைத்தது. 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் ஆட்டம், தம்பியைத் தேடிப் புறப்படும் ஒரு பெண்ணின் கதை. புனேயில் உருவாகி உலகெங்கும் சென்றது. இத்தொழிலைக் கற்கும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலும் பின்வரிசையில் மூவரைக் காண்கிறேன். உரை முடிந்ததும் அவர்களைச் சற்று இருக்கச் சொல்லியிருக்கிறேன். தேர் ஓடும் ஒரு வீதி, துள்ளி வரும் ஒரு கன்று, வாயிலில் தொங்கும் ஒரு மணி. இம்மூன்றை வைத்து ஓர் ஆட்டம் செய்வதாயின், பசு தானே நடந்து வந்து கயிற்றை அசைக்க எத்தனை மாத உழைப்பு வேண்டும் என்று அவர்களிடம் கேட்கவேண்டியிருக்கிறது.