ஆங்கீரச வருஷத்து நெல்



பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற வருகிறவன் உலகத்தைப் பற்றித்தான் பேசவேண்டும் என்பது நெடுநாளைய சம்பிரதாயம். அதை மீறும் துணிச்சல் எனக்கில்லை. ஆயினும் உலகம் முழுவதையும் அரைமணியில் சுற்றிவருவது முருகப்பெருமானுக்கே மயில் வேண்டியிருந்த காரியம் ஆகையால், பிள்ளையாரின் உபாயத்தைக் கைக்கொண்டு, லால்குடியைவிட்டு அதிகம் நகராமல், 1752 என்ற ஒரே ஒரு வருஷத்தை மட்டும் உங்களோடு சேர்ந்து பார்க்க உத்தேசித்திருக்கிறேன்.

அவ்வருஷத்தின் வசந்த காலத்திலே, திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முகம்மது அலியும், கோட்டைக்கு வெளியே சந்தா சாகிபும், கர்நாடக நவாப் பட்டம் தமக்கே உரியது என்று போராடிக்கொண்டிருந்தார்கள். முன்னவருக்கு ஆங்கிலக் கம்பெனியும், மைசூர் நஞ்சராஜரும், மராட்டியத் தலைவர் முராரி ராவும், தஞ்சைச் சேனாபதி மாங்கோஜியும், புதுக்கோட்டைத் தொண்டைமானும் துணை. பின்னவருக்குப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துணை. முந்திய வருஷம் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவும், அவருக்கு மேலதிகாரியான லாரன்ஸும் மார்ச்சு மாதக் கடைசியில் திருச்சிக்கு வந்து சேர்ந்ததும், பிரெஞ்சுத் தளபதி லா அஞ்சிக் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவுக்குள் புகுந்துகொண்டார். அவர் செய்த பிழை அதுதான். தீவுக்குள் புகுந்தவனுக்கு வடகரையிலிருந்துதான் சோறு வரவேண்டும். அந்த வடகரையிலே சமயபுரத்தில் கிளைவ் பாசறை அமைத்துக்கொண்டார். அதையொட்டிய நாட்களில்தான் நம் ஊரின் பெயர் அந்த யுத்தத்தில் அடிபடுகிறது. லால்குடியில் பிரெஞ்சுக்காரர் சேமித்து வைத்திருந்த தானியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. தீவுக்குள்ளே பசி தொடங்கிற்று.

சற்று வெளியுலகையும் எட்டிப் பார்ப்போம். இங்கே தானியம் கைமாறிய அதே வருஷத்தில், பர்மாவிலே ஆவா நகரம் வீழ்ந்தது. அலௌங்பயா என்னும் கிராமத் தலைவர் புதியதோர் அரச வம்சத்தைத் தோற்றுவித்தார். லாகூரும் பஞ்சாபும் மொகலாயர் கையிலிருந்து அகமது ஷா துரானியின் கைக்குப் போயின. பிரான்சிலே, தீதரோவின் கலைக்களஞ்சியத்தில் வெளிவந்திருந்த இரு தொகுதிகளையும் அரசாங்கம் பிப்ரவரியில் தடை செய்தது. மே மாதத்திலோ, மின்னல் என்பது மின்சாரமே என்று பாரிசுக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருப்புக்கம்பியை நாட்டி நிரூபித்தார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டதாகச் சொல்வது ஜூன் மாதத்தில். (நீங்கள் வாங்கப்போகும் பட்டம் வேறு, அதையும் மழையில் நனையாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.)

அந்த ஜூன் மாதத்திலேயே லா தமது ஐரோப்பிய வீரர் சுமார் எண்ணூறு பேரோடும், இந்தியச் சிப்பாய்களோடும் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். அது எந்தத் தேதி என்று கேட்டால் விஷயம் சுவையாகிறது. ஆங்கிலேயர் அப்போது பழைய பஞ்சாங்கத்தையே வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் அது ஜூன் 3. சரணடைந்த பிரெஞ்சுக்காரர்களின் கணக்கில் அதே நாள் ஜூன் 14. நம் ஊர்ப் பஞ்சாங்கத்திலோ அது ஆங்கீரச வருஷம், ஆனி மாதத் தொடக்கம். வாளைக் கொடுத்தவனுக்கும் அதை வாங்கிக்கொண்டவனுக்கும் இடையே பதினொரு நாள்! மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. மூன்று மாதங்கள் கழித்து, இங்கிலாந்தில் செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு உறங்கியவர்கள் 14-ஆம் தேதி காலையில் கண்விழித்தார்கள். அந்தப் பதினொரு நாட்களைச் சட்டத்தினாலேயே அகற்றிவிட்டார்கள். தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்த தேதி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கணக்கு. அது யாருடைய கணக்கு என்று கேட்டுப் பழகாமல் சரித்திரம் படித்தவனும், ரயில்வே கால அட்டவணையை மனப்பாடம் செய்தவனும் என் அபிப்பிராயத்தில் ஏறத்தாழ ஒன்றே.

சரணாகதியின்போது நிகழ்ந்த ஒன்றை, அந்த யுத்தத்தின் சரித்திரத்தை எழுதிய ராபர்ட் ஆர்ம் என்ற ஆங்கிலேயர் குறித்து வைத்திருக்கிறார். கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திரர்கள், மூன்றாம் மதிலுக்கு அப்பால் அந்நியர் நுழைவதில்லை என்ற உறுதி கிடைத்தாலன்றி வெளியேற மாட்டோம், ஒருவர் மிஞ்சாமல் வாசலிலேயே மடிவோம் என்றார்களாம்; வெற்றி பெற்றவர்களும் அதற்கு இணங்கினார்கள். தோற்ற படையைச் சேர்ந்தவர்கள், சம்பளம் வந்ததோ இல்லையோ அறியோம், தங்கள் தேசத்திலிருந்து நெடுந்தூரம் வந்தவர்கள், அரங்கனுடைய மதில் ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைத்தார்கள். வடக்கு வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

சந்தா சாகிபின் கதை வேறு விதமாக முடிந்தது. பதினாறு வருஷங்களுக்கு முன், நாயக்க ராணி மீனாட்சியிடம், குர்ஆன் என்று சொல்லித் துணி சுற்றிய செங்கல்லின்மேல் சத்தியம் செய்து திருச்சியைக் கைப்பற்றியவர் அவர் என்பது கர்ணபரம்பரை. இப்போது மாங்கோஜி தம் வாளின்மேல் செய்துகொடுத்த சத்தியத்தை நம்பி அவரிடம் போனார்; தலை துண்டிக்கப்பட்டது. வென்ற முகம்மது அலி மட்டும் வாக்குக் காத்தாரா? திருச்சியையே தருவதாக மைசூராருக்கு இரகசியமாக எழுதிக்கொடுத்திருந்தவர், காரியம் முடிந்ததும் கைவிரித்தார். அதனால் அடுத்த இரண்டு வருஷமும் இந்தச் சீமை யுத்தத்தில் உழன்றது.

இத்தனை பெயர்களுக்கும் இடையில் என் மனம் சமயபுரத்தில் ஓர் இரவில்தான் போய் நிற்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவில், ஆங்கிலப் படையைவிட்டு ஓடிப்போய்ப் பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்திருந்த சிலர், காவற்காரனுக்கு ஆங்கிலத்திலேயே மறுமொழி சொல்லி ஏமாற்றிவிட்டு, எதிரிப் படையைக் கிளைவின் பாசறைக்குள் அழைத்து வந்தார்கள். உறங்கிக்கொண்டிருந்த கிளைவின் காலடியில் இருந்த பெட்டி குண்டு பாய்ந்து சிதறியது. பக்கத்தில் படுத்திருந்த பணியாள் இறந்துபோனான். கிளைவ் எழுந்தார், பிழைத்தார், பிளாசிக்குப் போனார், பிரபுவானார். பணியாள் என்பதற்குமேல் அவனைப் பற்றி ஆர்ம் ஒரு சொல்லும் எழுதவில்லை.

லால்குடியில் பிடிபட்ட தானியமும் அப்படித்தான். பெருவளை வாய்க்காலின் தண்ணீரில் விளைந்திருக்கக்கூடிய அதை யார் நட்டார்கள், விலை கொடுத்து வாங்கினார்களா, களத்திலிருந்தே வாரிக்கொண்டு போனார்களா, கைமாறியபின் இவ்வூரார் அந்தக் கோடையை எதைத் தின்று கழித்தார்கள் என்ற கேள்விகளுக்கு மூன்று பஞ்சாங்கங்களிலும் விடையில்லை. உங்களில் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுகிறவர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். உங்கள் பாட்டனாரிடம் பட்டாவும் கடன் பத்திரமும் வைத்த தகரப்பெட்டி ஒன்று இருக்குமானால், அதைக் கரையான் தின்னுமுன் திறந்து படியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியார் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு நாள் ரயிலேறிக் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டித் திருச்சி நத்தர்வலி தர்காவுக்குப் போய் வாருங்கள். சந்தா சாகிபின் சமாதி அங்கே இருக்கிறது. நாற்பத்துமூன்று வருஷம் கழித்துச் சென்னையில் காலமான முகம்மது அலியையும் பின்னர் அங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.