மேல் வீட்டுக் கிட்டார் சத்தமும் ஐந்து ஆல்பங்களும்

(நமது சங்கத்தின் குடும்ப மாலை நிகழ்ச்சியில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆல்டர்நேட்டிவ் ராக் பற்றிப் பேச்சு என்று லிஃப்ட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்ததும், பத்துப் பேர் கூட வரமாட்டார்கள் என்று நினைத்தேன். கீழே "இரவு உணவு உண்டு" என்றும் போட்டிருந்தார்கள். கூட்டம் நன்றாகவே இருக்கிறது. செயலாளருக்கு நன்றி.

இந்தப் பேச்சு ஒரு புகாரில் தொடங்கியது. புகார் கொடுக்கப் போனவன் நான். என் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் தம்பி ஒருவன் கிட்டார் வாசிப்பான். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஒரு நாள் இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறான். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாடி ஏறினேன். குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் தாண்டக் கூடாது என்று சட்ட விதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் போனேன்.

கதவு திறந்ததும் என் வாயிலிருந்து வந்தது வேறு. "தம்பி, அது எட்டு இல்லை, ஏழு. ஏழு எண்ணி வாசி."

அவன் வாசித்தது சவுண்ட்கார்டன் குழுவின் 'ஸ்பூன்மேன்'. 1994 மார்ச்சில் வந்த 'சூப்பர்அன்னோன்' ஆல்பத்தில் உள்ள பாட்டு. நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது டேப் தேயத் தேயக் கேட்ட பாட்டு. அன்று ஒரு மணி நேரம் அவன் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான்.

அதன் பிறகு சேர்ந்ததுதான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். ஏழு பேர். ஆளுக்கு ஒரு ஆல்பம். அதை முழுதாகக் கேட்போம், பிறகு சண்டை போடுவோம். அந்தச் சண்டைகளைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில், ஆல்டர்நேட்டிவ் என்றால் என்ன? 1980களில் அமெரிக்காவில் பெரிய இசைக் கம்பெனிகள் ஒரு பக்கம் இருந்தன. சின்னச் சின்னக் கம்பெனிகளில் பதிவு செய்து, கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலிகளில் ஒலித்து, சிறிய ஊர்களில் வளர்ந்த குழுக்கள் இன்னொரு பக்கம். இந்த இன்னொரு பக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். பிறகு அதுவே பெரிய பக்கம் ஆகிவிட்டது வேறு கதை.

அந்தக் கதையின் திருப்பம் நிர்வாணா. சியாட்டில் நகரத்தின் சப் பாப் என்ற சிறு கம்பெனிக்காக அவர்கள் செய்த முதல் ஆல்பம் 'ப்ளீச்', 1989. பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். இரண்டாவது ஆல்பம் 'நெவர்மைண்ட்', 1991 செப்டம்பர். அடுத்த ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. எங்கள் கூட்டத்தில் இதற்குக் கட்சிக்காரர் டி பிளாக் பல் மருத்துவர். அதே கட்சியில் உட்கட்சிப் பூசலும் உண்டு. அவர் மனைவிக்கு 'நெவர்மைண்ட்' பிடிக்காது, எல்லாம் பளபளப்பு என்பார். 1993 நவம்பரில் நியூயார்க்கில், பெரும்பாலும் மின்சாரக் கிட்டாரின் இரைச்சல் இல்லாமல் வாசித்த 'அன்பிளக்ட்' கச்சேரிதான் உண்மையான நிர்வாணா என்பது அவர் கட்சி. என் ஓட்டும் அவருக்கே. சத்தத்தை எடுத்த பிறகும் ஒரு பாட்டு நிற்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை கிடையாது.

அடுத்தது ஆர்.இ.எம். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980இல் சேர்ந்த நான்கு பேர். பி பிளாக்கில் ஆடிட்டராக இருக்கும் நம் சகோதரி கொண்டுவந்தது 1992இல் வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்'. அந்தப் பெயர் அவர்கள் ஊர் உணவகம் ஒன்றில் எழுதியிருந்த வாசகம். சில பாட்டுகளுக்கு வயலின் வகை வாத்தியங்களை அமைத்துக் கொடுத்தவர் லெட் செப்பெலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். ஆடிட்டர் அம்மாவுக்குப் பிடித்த விஷயம் வேறு. எந்தப் பாட்டை யார் எழுதினாலும் நால்வர் பெயரும் போடுவார்கள், வருமானம் சமமாகப் பிரியும். அதனால்தான் முப்பது வருடம் தாக்குப்பிடித்து, 2011இல் சண்டையில்லாமல் கலைந்தார்கள் என்கிறார். நிர்வாகக் குழு உறுப்பினர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ரேடியோஹெட். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் ஆபிங்டன் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர். ஐ.டி.யில் வேலை செய்யும் நம் இரண்டு இளைஞர்களுக்குள் இதில் தீராத வழக்கு. ஒருவருக்கு 1997இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்'. இயந்திர வேகத்தில் ஓடும் வாழ்க்கையின் களைப்பை, எல்லோர் கையிலும் செல்போன் வருவதற்கு முன்பே பாடிவிட்டார்கள் என்பது அவர் வாதம். மற்றவருக்கு 2000இல் வந்த 'கிட் ஏ'. வெற்றி தந்த கிட்டாரையே ஓரம் வைத்துவிட்டு வேறு பாதை போன துணிச்சல் யாருக்கு வரும் என்று கேட்கிறார். நான் நடுவில் புகுந்து 2007இல் வந்த 'இன் ரெயின்போஸ்' என்றேன். அதை இணையத்தில் வெளியிட்டபோது, விருப்பப்பட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த முறை நம் பராமரிப்புக் கட்டணத்துக்குப் பொருந்தாது என்று பொருளாளர் சொல்லச் சொன்னார்.

நான்காவது அயர்லாந்தின் லிமரிக் நகரத்துக் குழு, தி கிரான்பெரீஸ். ஆல்பம் 'நோ நீட் டு ஆர்க்யூ', 1994. அதில் 'ஸோம்பி' என்ற பாட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் ஊரில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகளில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவனுக்கு மூன்று வயது, மற்றவனுக்குப் பன்னிரண்டு. அந்தக் கோபத்தில் டோலோரஸ் ஓ'ரியார்டன் எழுதிய பாட்டு அது. பாட்டு ஓடும்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சும்மா வந்து உட்கார்ந்தார். இது என்ன கத்தல் என்று முதலில் முகம் சுளித்தார். விஷயத்தைச் சொன்னோம். இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "இது கத்தல் இல்லை, ஒப்பாரி" என்றார். அன்று முதல் அவரும் எங்கள் உறுப்பினர்.

ஐந்தாவது என்னுடையது, 'சூப்பர்அன்னோன்'. நம் பக்கத்து மாநிலத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கிம் தாயிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள். அவர் சியாட்டிலில் பிறந்தவர், தத்துவம் படித்தவர். 'ஸ்பூன்மேன்' பாட்டில் வருபவரும் நிஜ ஆள்தான். சியாட்டில் தெருக்களில் கரண்டிகளைத் தட்டி வாசித்தவர். பதிவிலும் அவரே வந்து வாசித்தார்.

எங்கள் கூட்டத்தில் மிருதங்கம் கற்ற மாமா ஒருவர் இருக்கிறார். அந்தப் பாட்டைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்ட ஆரம்பித்தார். "தகிட தகதிமி, தகிட தகதிமி. மிஸ்ர சாபுப்பா இது!" மூன்றும் நான்கும் ஏழு. மேல் வீட்டுத் தம்பி ஒரு மாதமாகத் தடுக்கிய இடம் அன்றுதான் சரியானது. 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு ஐந்து எண்ணிக்கையில் போகும். அதற்கும் மாமா "தக தகிட" என்று கண்ட சாபு சொல்லிவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1994 கோடை விடுமுறை. வீட்டில் இதே கேசட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு அது நல்ல காலம் இல்லை. இரண்டு பேப்பர் போயிருந்தது. யாரோடும் பேசப் பிடிக்காது. அப்பா ஆபீஸிலிருந்து வந்து வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். மார்கழிக் கச்சேரி ஒன்று விடாதவர் அவர். "இதுல தாளம் என்னடா?" என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்றேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டப் போய்விட்டார். பிறகு என் பாட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை.

மிருதங்க மாமா தொடையில் தட்டிய அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அப்பா கேட்டது சரியான கேள்வி. அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். பதில்தான் என்னிடம் இல்லை. ஒருவேளை, என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்க அவருக்குத் தெரிந்த வழியும் அதுவாக இருந்திருக்கலாம்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. மேல் வீட்டுத் தம்பியின் அம்மா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, இந்தப் பாட்டெல்லாம் பாடினவங்க சில பேர் உயிரை மாய்ச்சுக்கிட்டாங்களாமே. இவன் ராத்திரி பகலா இதையே கேக்கறான். பயமா இருக்கு" என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இருபத்தேழு வயதில் போனார். சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெல் 2017 மே மாதம் போனார். மறைக்க எதுவும் இல்லை. இருவரும் மனச்சோர்வோடும் போதைப் பழக்கத்தோடும் பல காலம் போராடியவர்கள். அவை நோய்கள். நோய்க்கு மருத்துவம் வேண்டும். அதே காலத்தில் அதே சோகத்தைப் பாடிய எடி வெட்டர், மைக்கேல் ஸ்டைப், தாம் யார்க் எல்லாம் அறுபதை ஒட்டியும் தாண்டியும் நம்மோடு இருக்கிறார்கள். ஆர்.இ.எம். குழுவின் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் வரிகள் அவ்வளவு நேரடியாக இருப்பது பதின்ம வயதினரை மனதில் வைத்து எழுதியதால்தான் என்று அதன் கிட்டார் கலைஞர் பீட்டர் பக் சொல்லியிருக்கிறார். துயரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம், விட்டுவிடாதே என்று சொல்லும் பாட்டு அது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். இதில் உனக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். அவன் பேசுவான். சாப்பாடு, தூக்கம் குறைந்து, பிடித்த பாட்டே கூடப் பிடிக்காமல் போய்விட்டால் அப்போது கவலைப்படுங்கள், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். செயலாளர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மா இப்போது எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். கிரான்பெரீஸ் கட்சி. மகன் நிர்வாணா கட்சி. வீட்டில் சண்டை ஓயவில்லை என்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பின் வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ வந்து தப்பாக ஏதாவது கேட்பார்கள். "இது என்ன பாஷை, எதுக்கு இப்படிக் கத்தறான், இதுல தாளம் என்ன?" என்பார்கள். "உங்களுக்குப் புரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி அவர் கையில் கொடுங்கள்.

மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, மாலை ஐந்து முதல் ஆறரை வரை, சங்கக் கூடத்தில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு ஆல்பம் கொண்டுவரலாம். இளையராஜா கட்சிக்காரர்களும் வரலாம், ஆனால் ஒரு ராக் ஆல்பத்தை முழுதாகக் கேட்ட பிறகே வாக்குவாதத்துக்கு அனுமதி. சத்தம் 55 டெசிபலுக்குள்தான் இருக்கும், அது என் பொறுப்பு.

சாப்பாடு தயார் என்று சைகை வருகிறது.