புகார் புத்தகத்தில் எழுதாதவர்கள்

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"வங்கிச் சேவையும் வாடிக்கையாளர் கருத்தும்" என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார் நம் செயலாளர். கேட்டதும் கொஞ்சம் பயந்துதான் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவனுக்கு, இந்த விஷயத்தைச் சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரிதான் பேச வரும். சாப்பாட்டுக்கு முன்னால் உங்களை அப்படி வதைக்க மனசில்லை. ஆகவே நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலைச் சொன்னால் பலருக்கும் தெரியும். 1996-ல் அந்தக் கடற்கரைப் பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மேலாளராகப் போனேன். எந்தக் கிளை, எந்த வங்கி என்பது வேண்டாம். எங்கும் நடக்கக்கூடியதுதான்.

கிளையில் புகார் புத்தகம் ஒன்று இருந்தது. அது வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையைப் பற்றி ஆராய 1975-லேயே தல்வார் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பிறகு 1990-ல் ஸ்டேட் பாங்க் தலைவராக இருந்த கோய்ப்போரியா தலைமையில் இன்னொரு குழு. அதன் அறிக்கை 1991 டிசம்பரில் வந்தது. புகார் புத்தகம் கிழிக்கும்படி துளையிட்ட பிரதிகளோடு இருக்க வேண்டும், எழுதியவருக்கு உடனே கையில் ஒரு ரசீது, மேலலுவலகத்துக்கு ஒரு தகவல் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். 1995-ல் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மன் திட்டமும் வந்துவிட்டது.

மாதாமாதம் மண்டல அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவோம். புகார்கள் என்ற கட்டத்தில் நான் "இல்லை" என்று எழுதுவேன். பதினான்கு மாதம் தொடர்ந்து "இல்லை". ஒரு கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே, "ஏன்டா, உன் பேங்க்ல கைநாட்டுக்காரங்களுக்குப் பணம் குடுக்க மாட்டீங்களாமே?" என்றார்கள்.

நடந்தது இது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாளின் கணவரைப் புதுவை ஜிப்மரில் சேர்த்திருந்தார்கள். ஸ்கேனுக்கும் மருந்துக்கும் பணம் எடுக்க எங்கள் கிளைக்கு வந்திருக்கிறார். கேஷ் நேரம் இரண்டு மணியோடு முடிந்துவிடும். அவர் வந்தது இரண்டு தாண்டி ஐந்து நிமிஷம். அதோடு கைநாட்டு, சாட்சிக்கு யாரும் இல்லை. "நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் நேரே அடகுக் கடைக்குப் போய்க் காதில் இருந்த தோட்டைக் கழற்றி வைத்திருக்கிறார். கணக்கில் அவருடைய சொந்தப் பணம் இருந்தது. உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேலாளர் என்று நான் ஒருவன் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் என் அம்மாவிடம் சொன்னதும் புகாராக இல்லை, கஷ்டத்தோடு கஷ்டமாகச் சொன்னதுதான். அது என் கிளை என்பதும் அவருக்குத் தெரியாது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை புகார் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நூலில் கட்டி மேஜைக்குள் பத்திரமாக இருந்தது. முதல் பக்கத்தில் அச்சிட்ட குறிப்பு முழுக்க ஆங்கிலம், இந்தி. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எழுதச் சொல்லிப் புத்தகம் வைத்துவிட்டு, யாரும் எழுதவில்லை என்று கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த வாரத்திலிருந்து மாலையில் அளத்துப் பக்கம் போக ஆரம்பித்தேன். முதல் இரண்டு தடவை யாரும் வாய் திறக்கவில்லை. கடன் வசூலுக்கு வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள்! "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பிறகுதான் கேள்வியை மாற்றினேன். "போன தடவை பேங்குக்கு வந்தீங்களே, வீட்டை விட்டுக் கிளம்பினதுலேருந்து என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றேன். அப்போது வந்தது பாருங்கள்!

உப்பு வாருகிற வேலை விடியுமுன் தொடங்குகிறது. முடித்து, கை கால் கழுவி, பஸ் பிடித்து வந்தால் மணி இரண்டைத் தொட்டுவிடும். சுருக்குப்பையில் வைத்த நோட்டு உப்பு ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். கேஷியர், "காய வச்சுக் கொண்டு வா" என்பார். அழுக்கு நோட்டை வாங்க மறுக்கக்கூடாது என்பது விதி. விதி எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சலான் எழுதித்தர வாசலில் ஒருவர் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். தினமும் அவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். அவர் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. கோடையில் சேர்த்ததை வைத்துத்தான் அந்த மாதங்களை ஓட்ட வேண்டும். மகளிர் குழுக்களும் வளர்ந்துகொண்டிருந்த நேரம். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் பழைய தென்னாற்காட்டுக்கும் வந்திருந்தது. குழுவின் பணத்தைக் கட்ட ஒரு பெண் வந்து திரும்பிப் போனால் இருபது வீட்டுச் சேமிப்பு திரும்பிப் போகிறது என்று அர்த்தம்.

என்ன செய்தோம்? கேஷ் நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை. ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். "எங்களுக்கும் நேரம் காலம் இல்லையா சார்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் தலைமைக் கேஷியர், அளத்து அம்மா ஒருவர் பேசியதை நேரில் கேட்டுவிட்டு, வாரத்தில் ஒருநாள் மூன்று மணி வரை தானே எண்ணித்தருவதாக ஒப்புக்கொண்டார். கைநாட்டுக்குச் சாட்சியாகக் குழுத் தலைவிகளைப் பதிவு செய்துகொண்டோம். ஈர நோட்டுக்குத் தனியாக ஒரு தட்டு வைத்தோம். சலான் எழுத உள்ளேயே ஒரு மேஜை போட்டது மட்டும் மூன்று மாதத்தில் படுத்துவிட்டது, ஆள் இல்லை. வாசல்காரர் திரும்ப வந்துவிட்டார். அவருக்கும் பிழைப்பு வேண்டுமே.

பழங்கதை என்று தம்பிகள் நினைக்கலாம். 2005 இறுதியில், பக்கத்தில் புதுவை மங்கலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு என்று இந்தியன் வங்கி செய்து காட்டியது. 2014-ல் ஜன்தன் வந்தது. 2021 நவம்பரில் மூன்று ஓம்பட்ஸ்மன் திட்டங்களையும் ஒன்றாக்கினார்கள். வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால் செலவில்லாமல் அங்கே போகலாம். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஆனால் உப்பில் ஊறித் தேய்ந்த விரலை ரேகை இயந்திரத்தில் வைத்தால், பொருந்தவில்லை என்கிறது. சேவை எப்படி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறது. பணம் கிடைக்காமல் திரும்பிப் போன அந்த அம்மா எங்கே போய் நட்சத்திரம் போடுவார்? நாளைக்கு உங்களில் பாதிப்பேர் இந்த மாதிரி மென்பொருள்தான் எழுதப்போகிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

பிறகு புகார் புத்தகத்தை வெளியே வைத்தோம். முகப்பில் தமிழில் எழுதி ஒட்டினோம். அவர்கள் சொல்லச் சொல்ல நானே எழுதி, கைநாட்டு வாங்கி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். 1999-ல் மாற்றலாகும்போது முப்பத்தோரு பக்கம் நிரம்பியிருந்தது. மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, என் பேங்க் வாழ்க்கையில் நான் பத்திரப்படுத்திய ஒரே கடிதம். "தங்கள் கிளையில் புகார்கள் திடீரென அதிகரித்துள்ளதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் விளக்கவும்."

விளக்கம் எழுதி அனுப்பினேன். அதற்கும் பதில் வரவில்லை. அந்தத் தோட்டை அந்த அம்மா மறு வருஷம் கோடையில்தான் மீட்டாராம், அம்மா சொன்னார்கள்.